இளவேனில் (பெண்பெயர்)

இளவேனில் என்பது தமிழில் பெண் குழந்தைகளுக்கு இடப்படும் பெயர்களுள் ஒன்று. தமிழர் ஓர் ஆண்டை ஆறாகப் பகுத்த பெரும்பொழுதுகளில், சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்களுக்கு உரிய பருவத்தின் பெயர் இது. பருவத்தின் பெயராக இச்சொல் சங்க நூல்களிலேயே வழங்குகிறது. பெண்ணின் பெயராக அது புழக்கத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். பெயர் இன்னும் அரிதானதே. ஒரு வகுப்பில் இரண்டு இளவேனில்கள் இருப்பதைக் காண்பது கடினம். எனினும் 2019ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்தியா முழுவதும் விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி கேட்கப்படும் பெயராக இது மாறியது. அதற்குக் காரணம் கடலூரில் பிறந்த ஒரு துப்பாக்கி சுடும் வீராங்கனை.

இப்பெயரின் வரலாற்றில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. சங்க இலக்கியத்தில் இளவேனில் அஃறிணை. சிலப்பதிகாரத்தில் அது ஆண். இன்று அது பெண். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

இளமை + வேனில் = இளவேனில். வேனில் என்பது வெப்பத்தைக் குறிக்கும் சொல். வெயில், வெம்மை, வேதல், வெந்தது ஆகியவை எல்லாம் ஒரே வேரின் கிளைகள். ஆகவே இளவேனில் என்பதற்கு நேர்ப்பொருள் 'இளமையான வெப்பம்', அதாவது வெப்பத்தின் தொடக்கம். அதனை அடுத்து வரும் ஆனி, ஆடி மாதங்கள் முதுவேனில், அதாவது முதிர்ந்த வெப்பம். பெயர்க் கையேடுகள் பல இளவேனிலுக்கு 'வசந்த காலம்' என்று மட்டும் பொருள் எழுதி முடித்துவிடுகின்றன. அது தவறன்று, ஆனால் சொல்லுக்குள் இருக்கும் சூட்டை அது மறைத்துவிடுகிறது. பூவும் தளிரும் இப்பெயரின் நேர்ப்பொருள் அல்ல. அவை அப்பருவத்தோடு வருபவை.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் அகத்திணையியல் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொழுதைக் கூறுகிறது. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் உரியவை. ஆவணி தொடங்கி இரண்டிரண்டு மாதங்களாக எண்ணினால் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறும் அமையும். இளவேனில் பாலைத் திணைக்கு உரியது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பாலையின் உரிப்பொருள் பிரிதல். எனவே பழைய பாடல்களில் இளவேனில் மகிழ்ச்சியை மட்டும் குறிக்கும் பருவம் அன்று. பிரிந்து சென்றவர் திரும்பி வருவதாகச் சொன்ன பருவமும் அதுவே.

இது உண்மையில் வசந்தமா?

விழுப்புரம், திண்டிவனம், கடலூர்ப் பக்கத்து மக்களிடம் சித்திரை, வைகாசியை 'இனிய பருவம்' என்று சொன்னால் சிரிப்பார்கள். ஏப்ரல் 14 அளவில் சித்திரை பிறக்கிறது. வைகாசி ஜூன் 14 அளவில் முடிகிறது. மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை நீடிக்கும் அக்கினி நட்சத்திரம் முழுவதும் இந்த இரு மாதங்களுக்குள்தான் அடங்குகிறது. ஆண்டின் கொடிய வெயில் காலத்துக்கு 'இள' என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும்?

இதற்கு ஒரு காரணம் நாட்காட்டியில் உள்ளது. தமிழ் மாதங்கள் சூரியன் விண்மீன் கூட்டங்களைக் கடப்பதைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. பருவங்களோ சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கும் தெற்குமாக நகர்வதைப் பொறுத்தவை. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சித்திரைப் பிறப்பு, பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 21ஐ ஒட்டி நிகழ்ந்தது. இன்று அது மூன்று வாரங்களுக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. பழைய நூல்களின் இளவேனில் நமது பங்குனி முற்பகுதியிலேயே தொடங்கியது என்று கொண்டால், 'இள' என்ற சொல் அவ்வளவு பொருந்தாததாகத் தோன்றாது.

இரண்டாவது காரணம் மரங்களில் இருக்கிறது. கண்ணால் பார்க்கும் எவருக்கும் இது விளங்கும். மழை முடிந்து பனியும் கழிந்தபின் இலையுதிர்த்த மரங்கள் தண்ணீருக்காகக் காத்திராமல் தளிர்ப்பதும் பூப்பதும் இந்தக் காலத்தில்தான். வேம்பு பூத்து உதிர்கிறது. அந்தப் பூவைத்தான் தமிழ்ப் புத்தாண்டு அன்று பச்சடிக்குச் சேர்க்கிறார்கள். புங்கை தளிர்த்துப் பூக்கிறது. மாங்காய் கனிகிறது. பண்ருட்டியில் பலா வரத் தொடங்குகிறது. வானூர், மரக்காணம், கடலூர் வட்டாரச் செம்மண் மேடுகளில் முந்திரிப் பழம் பொறுக்கும் காலமும் நுங்கு சீவும் காலமும் இதுவே. வெயிலைப் பார்த்தால் கோடை. மரத்தைப் பார்த்தால் வசந்தம். இந்த இரண்டையும் ஒரு சொல்லுக்குள் வைத்திருப்பதே 'இளவேனில்' என்ற பெயரின் அழகு என்று கூறலாம்.

அஃறிணை, ஆண், பெண்

ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியைப் பாடியவர் ஓதலாந்தையார். அதில் 341 முதல் 350 வரை உள்ள பத்துப் பாடல்களுக்கு 'இளவேனிற் பத்து' என்று பெயர். தலைவன் வரவில்லை, பருவம் வந்துவிட்டது என்று தலைவி வருந்துவதே பத்துக்கும் பொருள். ஒவ்வொரு பாட்டிலும் பருவம் வந்ததற்கு ஓர் அடையாளம் சொல்லப்படுகிறது. குயில் கூவுகிறது, கோங்கம், குரவம், பாதிரி, மராஅம் பூக்கின்றன, மா தளிர்க்கிறது, வேப்பம்பூ உதிர்கிறது. இப்பாடல்களில் வருகிற இளவேனிலுக்கு இலக்கணப்படி அஃறிணை வினைமுற்றே தரப்பட்டுள்ளது. வந்தது 'அது'. அதற்கு உருவம் இல்லை, முகம் இல்லை.

சிலப்பதிகாரத்தில் நிலை மாறுகிறது. புகார்க் காண்டத்தின் எட்டாம் காதை வேனிற்காதை. கானல்வரிப் பாட்டால் மாதவியும் கோவலனும் பிரிந்தபின் புகாரில் இளவேனில் வருகிறது. இங்கே இளங்கோவடிகள் அதனை ஆண்பால் வினையால் சுட்டுகிறார். காமனின் துணைவனாக, படையோடு வரும் தலைவனாக இளவேனில் காட டப்படுகிறான். பொதிய மலைத் தென்றல் அவனுக்குத் தூதன். சோலைக் குயில் அவன் படையில் ஊதுகொம்பு ஊதுபவன். மாதவி தாழை மடலில் கோவலனுக்கு எழுதும் கடிதத்திலும் இளவேனில் ஓர் இளவரசன் என்றே வருகிறான். வடமொழி மரபில் வசந்தன் மன்மதனின் தோழன். அந்த வடிவமே தமிழ்ப் பெயரோடு இங்கு வந்திருக்கிறது.

அந்தக் கடிதத்தை எடுத்துச் செல்லும் தோழியின் பெயர் வசந்தமாலை என்பது கவனிக்கத்தக்கது. ஒரே காதையில், பருவத்தின் தமிழ்ப் பெயர் ஆணுக்கும் வடமொழிப் பெயர் பெண்ணுக்கும் வழங்குகின்றன! மாதவி என்ற பெயரும் தொலைவில் இல்லை. குருக்கத்திக் கொடிக்கு மாதவி என்று பெயர். அது இளவேனிலில் பூப்பது. ஆகப் பருவத்தை ஒட்டிப் பெண்ணுக்குப் பெயரிடும் வழக்கம் சிலப்பதிகாரக் காலத்திலேயே இருந்தது. ஆனால் அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட சொல் இளவேனில் அன்று.

பின்வந்த நூற்றாண்டுகளிலும் இதுவே தொடர்ந்தது. இளவேனில் புலவர்களின் சொல்லாகவே இருந்தது. வீட்டுக்குள் அழைக்கும் பெயராக வரவில்லை.

இரும்பையின் குயில்மொழி

நூல்களில் இப்படி என்றால் ஊர்களில் எப்படி? விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரி–திண்டிவனம் சாலைக்கு அருகில் உள்ள இரும்பை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களுள் ஒன்று இது. வடக்கே உஜ்ஜயினி, சோழ நாட்டில் அம்பர், தொண்டை நாட்டில் இரும்பை என மூன்று மாகாளங்கள் சொல்லப்படுகின்றன. இங்குள்ள இறைவன் மாகாளேசுவரர். இறைவியின் பெயர் குயில்மொழி நாயகி. குயிலின் பேச்சைப் போன்ற பேச்சை உடையவள் என்பது பொருள்.

குயில் ஆண்டு முழுவதும் இந்த ஊரில் இருந்தாலும், அதன் குரல் உரத்துக் கேட்பது பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில்தான். அது இணை தேடும் காலம். எனவே குயில்மொழி என்பதையும் பருவத்தோடு ஒட்டிய பெயர்களுள் சேர்க்கலாம். இதில் ஒரு வேடிக்கை: 'கூ... ஊ' என்று நீட்டிக் கூவுவது கரிய நிறமுடைய ஆண் குயில். பெண் குயில் புள்ளிகள் கொண்ட பழுப்பு நிறமுடையது. அதன் குரல் 'கிக் கிக்' என்று வெட்டி வெட்டி ஒலிப்பது. இளவேனிற் பத்தின் முதல் பாட்டு இனிய குரலைப் பெண் குயிலுக்கே தருகிறது. புலவர்கள் பறவையியல் எழுதவில்லை என்பதால் இதைப் பிழையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆண்பாலுக்கு உரிய ஒன்றைப் பெண்ணுக்கு உரியதாகக் கேட்கும் வழக்கம் தமிழில் பழையது என்பதற்கு இது ஒரு சான்று.

இவ்வூரைச் சுற்றி வழங்கும் கதையும் வெயிலைப் பற்றியதே. கடுவெளிச் சித்தர் இங்கே அரசமரத்தடியில் தவம் இருந்தார்; அந்தத் தவத்தின் வெம்மையால் மழை பொய்த்தது; அரசன் ஒரு நடன மங்கையைக் கொண்டு தவத்தைக் கலைத்தான்; மழை பெய்தது. பின்னர் கோயில் விழாவில் அவள் ஆடும்போது சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து அணிவித்தார். கூட்டம் எள்ளி நகைத்தது. சித்தர் பாட, இலிங்கம் மூன்றாக வெடித்தது. சில்லுகள் விழுந்த இடமெல்லாம் பாலையானது என்பர். கதையை நம்புவதும் நம்பாததும் வாசகரின் விருப்பம். ஆனால் 1968 பிப்ரவரி 28 அன்று இரும்பைக்கு அருகில் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அந்த மேட்டுநிலத்தின் பெரும்பகுதி மரமற்று, மழைநீர் அரித்த செம்மண் வெளியாகவே இருந்தது. இன்றுள்ள காடு அதன்பின் நட்டு வளர்த்தது.

இப்படிப்பட்ட நிலத்தில் வாழ்ந்தவர்கள் மகளுக்கு வேனிலின் பெயரை வைக்காததில் வியப்பில்லை. மேல்மலையனூர் அங்காளம்மனை ஒட்டி அங்காளம்மாள், செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் வழிபாட்டை ஒட்டித் திரௌபதி, பாஞ்சாலி என்று இங்கே பெயர்கள் வழங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக மாரியம்மாள். மாரி என்ற சொல்லுக்கு மழை என்பது பொருள். அம்மனின் பெயருக்கு வேறு விளக்கங்கள் தருவோரும் உண்டு. ஆயினும் முதுவேனில் முடியும் ஆடி மாதத்தில் கூழ் ஊற்றி வேண்டுவோர் மனத்தில் மாரி மழைதான். பருவத்தால் அமைந்த தமிழ்ப் பெண்பெயர்களுள் மிகப் பரவலானது எது என்று கேட்டால், மாரி என்றே விடை கூற வேண்டும். கிராமம் வேண்டி வைத்த பெயர் அது. இளவேனில் படித்தவர்கள் தேடி எடுத்த பெயர்.

வசந்தாவின் காலம்

படித்தவர்களும் முதலில் இளவேனிலைத் தேடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்நாட்டு நகரங்களில் பரவியவை வசந்தா, வசந்தி, வசந்தகுமாரி, வாசந்தி ஆகிய பெயர்கள். இசையும் திரையும் இதற்குத் துணை செய்தன. காமாட்சி என்ற இயற்பெயர் உடைய என். சி. வசந்தகோகிலம் (1919–1951), எம். எல். வசந்தகுமாரி (1928–1990) ஆகிய இருவரின் குரல்களும் இசைத்தட்டு வழியாக வீடுகளுக்குள் வந்தன. ஒரு பாடகிக்கு 'வசந்த காலக் குயில்' என்று பெயர் அமைந்தது அக்காலச் சுவையைக் காட்டுகிறது. பங்கஜம் என்ற இயற்பெயர் கொண்ட எழுத்தாளர் வாசந்தி புனைபெயராகத் தேர்ந்ததும் பருவத்தின் பெயரையே. இரும்பைக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் வாழ்ந்து, 'குயில்' என்று இதழுக்குப் பெயரிட்டு நடத்திய பாவேந்தர் பாரதிதாசனின் மகள்களுள் ஒருவரின் பெயரும் வசந்தா என்பது குறிப்பிடத்தக்கது. அந்தத் தலைமுறைக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

தனித்தமிழும் பெயர் மாற்றமும்

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயர்களைப் பார்க்கும் பார்வையை மாற்றியது. வேதாசலம் மறைமலை ஆனார். அடுத்த தலைமுறையில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். தங்கள் பெயரை மாற்றியவர்களைவிட, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் பல மடங்கு. கூட்ட மேடையில் குழந்தையைத் தலைவரின் கையில் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்லும் வழக்கமும் பரவியது.

தெய்வப் பெயர் வேண்டாம், வடசொல் வேண்டாம் என்று முடிவு செய்த பெற்றோருக்குச் சொற்கள் எங்கிருந்து கிடைக்கும்? ஆண் குழந்தைக்குச் சங்க கால அரசர்களும் புலவர்களும் இருந்தனர். பெண் குழந்தைக்கு அவ்வளவு வரலாற்றுப் பெயர்கள் இல்லை. எனவே பெண்பெயர்கள் பெரும்பாலும் இயற்கையிலிருந்து எடுக்கப்பட்டன. முல்லை, குறிஞ்சி, கயல்விழி, மலர்விழி, பூங்குழலி, தென்றல், பனிமலர் என்று அந்த வரிசை நீண்டது. வசந்தா என்று வைக்க விரும்பிய இடத்தில் தமிழில் என்ன என்று கேட்டபோது கிடைத்த விடை இளவேனில். சிலப்பதிகாரத்தின் இளவரசன் பெண்ணானது இவ்வழியில்தான். சொல்லுக்கு அன், அள் போன்ற பால் காட்டும் ஈறு இல்லாததும் இதற்கு உதவியது. எழில், முகில், கயல், குயில் ஆகியவற்றைப் போல அது எவருக்கும் பொருந்தும்.

ஆண்களும் இப்பெயரை முற்றிலும் விட்டுவிடவில்லை. மு. கருணாநிதியின் கதையைக் கொண்டு 2008இல் வெளிவந்த 'உளியின் ஓசை' திரைப்படத்தை இயக்கியவர் இளவேனில் என்ற பெயரில் எழுதிவந்த கவிஞர். எனினும் குழந்தைக்கு இடும் பெயர் என்ற அளவில் இன்று அது பெண்பெயராகவே கொள்ளப்படுகிறது.

ஆறு பருவங்களில் இது ஒன்றுக்கு மட்டுமே இந்த வாய்ப்புக் கிடைத்தது. கூதிர் என்றோ பின்பனி என்றோ மகளை அழைப்பவர் இல்லை. கார்குழலியில் உள்ள கார் கூந்தலின் கருமையே தவிர மழைக்காலம் அன்று. முதுவேனில் என்று எந்தத் தாயும் பெயர் வைக்கமாட்டாள். காற்றிலும் இதே தேர்வுதான்: தென்றல் பெயரானது, வாடை ஆகவில்லை. பிற மொழியினரும் பெரும்பாலும் இவ்வாறே செய்திருக்கிறார்கள். பாரசீகத்தில் பஹார், சப்பானில் ஹருகோ ஆகியவை வசந்தத்தைக் குறிக்கும் பெண்பெயர்கள். ஆங்கிலேயர் ஏப்ரல், மே, ஜூன் என மாதங்களின் பெயர்களையே வைத்துவிட்டனர்.

ஈழத் தமிழரிடையே 1980களிலும் 1990களிலும் தூய தமிழ்ப் பெயர் வைக்கும் ஆர்வம் வலுப்பெற்றது. அங்கிருந்து புலம்பெயர்ந்தோரிடமும் அது தொடர்கிறது. டொராண்டோவிலோ இலண்டனிலோ ஏப்ரலில் பிறக்கும் குழந்தைக்கு இளவேனில் என்று பெயர் வைத்தால், விழுப்புரத்தில் எழும் கேள்வி அங்கே எழாது. பனி உருகி மரம் தளிர்க்கும் நேரம் அது.

கடலூரில் பிறந்த இளவேனில்

பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்தது. அதுவரை இரும்பைக்கும் மாவட்டத் தலைநகர் கடலூர்தான். அந்தக் கடலூரில் 1999 ஆகஸ்ட் 2 அன்று பிறந்தவர் இளவேனில் வாலறிவன். சிறு வயதிலேயே குடும்பம் குஜராத்துக்கு இடம்பெயர்ந்ததால் அகமதாபாத்தில் வளர்ந்தார். ககன் நாரங்கின் பயிற்சி மையத்தில் துப்பாக்கி சுடுதல் பயின்றார். 10 மீட்டர் ஏர் ரைபிள் இவரது பிரிவு.

2018இல் சிட்னியில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். 2019 ஆகஸ்டில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம். அதே ஆண்டு நவம்பரில் சீனாவின் பூத்தியானில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் தங்கம். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியா சார்பில் பங்கேற்றார். டோக்கியோவிலும் பாரிஸிலும் தகுதிச் சுற்றைத் தாண்ட முடியவில்லை. பாரிஸில் பத்தாம் இடம் பெற்றார், முதல் எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்று. 2022ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். 2023இல் மீண்டும் ரியோவில் தங்கமும், 2025இல் கசகஸ்தானின் சிம்கெண்டில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கமும் வென்றார்.

இவருடைய பெயரில் தமிழ் மாணவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. தந்தையின் பெயரான வாலறிவன் திருக்குறளின் இரண்டாம் குறளில் வரும் சொல். தூய அறிவினன் என்பது பொருள். தந்தைக்குக் குறளிலிருந்தும் மகளுக்குப் பெரும்பொழுதிலிருந்தும் பெயர் கிடைத்திருக்கிறது. மேலே சொன்ன பெயர் மாற்றம் ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறையாகத் தொடர்ந்ததற்கு இது எடுத்துக்காட்டு. மற்றொன்று, கடலூரின் பழைய பகுதி திருப்பாதிரிப்புலியூர். ஊர்ப் பெயரில் உள்ள பாதிரி மரம், இளவேனிற் பத்தில் பருவம் வந்ததைச் சொல்லும் மரங்களுள் ஒன்று.

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு இடப்பட்டது என்று அரசே பட்டியல் வெளியிடுகிறது. இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. ஆகையால் இப்பெயரின் பரவலை எண்ணிக்கையால் காட்ட இயலாது. ஆனால் ஒரு பெயர் தெரிந்த பெயராவதற்கு எண்ணிக்கை மட்டும் தேவையில்லை. 2019க்கு முன் தமிழ்நாட்டுக்கு வெளியே 'இளவேனில்' என்று சொன்னால் பொருள் கேட்டிருப்பார்கள். இன்று விளையாட்டுச் செய்தி படிப்பவர்களுக்கு அது ஒரு வீராங்கனையின் பெயர்.

எழுத்தும் குழப்பமும்

புகழோடு ஒரு சிக்கலும் வந்தது. வீராங்கனையின் பெயர் ஆங்கிலத்தில் 'இ' என்ற ஒலிக்கு ஈ எழுத்தை இட்டு எழுதப்படுகிறது. அதை அப்படியே படிப்பவர்கள் 'எலவேனில்', 'எலவெனில்' என்று உச்சரிக்கிறார்கள். ளகரம் லகரமாகிவிடுகிறது, ஏகாரம் குறுகிவிடுகிறது. குஜராத்தி மொழியில் ளகரத்துக்கு ஈடான எழுத்து இருந்தும், பெயர் ஆங்கிலத்தின் வழியாகச் செல்வதால் அது பயன்படவில்லை. இதைவிட வருத்தம் தருவது, ஆங்கிலச் செய்தியைப் பார்த்துத் தமிழில் எழுதுவோர் தமிழ்ப் பெயரையே பிழையாகத் திருப்பி எழுதுவது. வாலறிவன் 'வலரிவன்' ஆவதும் இவ்வாறே. இளவேனில் என்பதில் வருவது ளகரம். வாலறிவன் என்பதில் வருவது லகரமும் வல்லின றகரமும்.

இன்னொரு குழப்பம் இளவெயினி என்ற பெயரோடு வருவது. புறநானூற்றின் 157ஆம் பாடலைப் பாடியவர் குறமகள் இளவெயினி. 11ஆம் பாடலைப் பாடியவர் பேய்மகள் இளவெயினி. இருவரும் பெண்பாற் புலவர்கள். ஒலி ஒத்திருப்பதால் இப்பெயரையும் பருவப் பெயராகக் கருதுவோர் உண்டு. அது தவறு. எயினர் என்ற குடியின் பெண் எயினி. இள + எயினி என்பது வகர உடம்படுமெய் பெற்று இளவெயினி ஆயிற்று. அதில் வேனில் இல்லை. இன்று வழங்கும் 'இளவேனி' என்ற வடிவமோ இளவேனிலின் ஈற்று லகரம் குறைந்து வந்தது. இளவெயினியின் திரிபு அன்று. சங்கப் புலவரின் பெயரை மகளுக்கு வைக்க விரும்புவோர் இளவெயினி என்றும், பருவத்தின் பெயரை விரும்புவோர் இளவேனில் என்றும் வைப்பதே முறை.

பெயரைப் பதிவு செய்வதிலும் சற்றுக் கவனம் வேண்டும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போது பெயர் முடிவாகாவிட்டாலும், தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை காலதாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இடம்பெறும். ஆங்கில எழுத்துகளில் எந்த வடிவத்தை ஏற்றாலும், பள்ளிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் அதே வடிவம் இருக்க வேண்டும். தமிழ் வடிவத்தில் ளகரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று அலுவலகத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. 'இலவேனில்' என்று பதிவாகிவிட்டால் படிப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது இலவ மரமாகத்தான் இருக்கும்.